மலையில் கம்பு ஊன்றுவது: தரைக்குத் தரை உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து (தொடங்கி வைக்கிறேன்)

வெள்ளியங்கிரி ஏறியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரவு அடிவாரத்தில் பூண்டியிலிருந்து கிளம்பி, விடியும் நேரத்தில் ஏழாவது மலையில் சுயம்புலிங்கத்தைக் கும்பிட்டாகிவிட்டது. இறங்கும்போதுதான் பிடித்தது வினை. மற்ற மலைகளை எப்படியோ தாண்டி, கடைசியாக முதல் மலையின் கல்படிகளுக்கு வந்து சேர்ந்தபோது வலது முழங்காலில் சில்லுக்குக் கீழே ஊசி ஏற்றுவது போல வலி. அந்தப் படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். கையில் அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் கம்பு இருந்தும் பலனில்லை. ஏறும்போது பிடித்த அதே இடத்தில், இடுப்புக்குச் சற்று மேலே பிடித்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் குனிந்து, மொத்த எடையையும் தொப்பென்று முன்னங்காலில் போட்டேன்.

என் பின்னால் ஒரு பெரியவர் வந்தார், வருடம் தவறாமல் வருகிறவராம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, எறங்கும்போது கைய மேல கொண்டுபோங்க. மொதல்ல கம்பு எறங்கணும், அப்புறம் கால்" என்றார். செய்தும் காட்டினார். படியின் விளிம்பில் நின்று, கம்பின் அடியைக் கீழ்ப்படியில் ஊன்றினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இரு கைகளாலும் பிடித்து எடையை அதில் இறக்கினார். அதற்குப் பிறகுதான் காலை வைத்தார். ஏற்றம் குறுக்கிட்ட இடத்தில் அவர் கை தானாகக் கம்பில் கீழே வழுக்கி வந்தது. அவரைப் பார்த்துப் பார்த்தே மீதிப் படிகளை இறங்கினேன். வலி போய்விடவில்லை, ஆனால் நடக்க முடிந்தது.

அப்புறம் மூன்று துண்டாக நீளும் அலுமினிய ஸ்டிக் ஒரு ஜோடி வாங்கினேன். அந்தப் பெரியவர் மூங்கிலில் கையை நகர்த்திச் செய்ததைத்தான் இதில் நீளத்தை மாற்றிச் செய்கிறோம். சமதரையில் நின்று ஸ்டிக்கை ஊன்றிப் பிடித்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். என் உயரம் ஐந்தடி ஆறங்குலம், எனக்கு 115 செ.மீ. சரியாக இருக்கிறது. ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைப்பேன், இறக்கத்தில் அதே அளவு கூட்டுவேன். பாதி பேர் வாங்கிய அன்று வைத்த அளவிலேயே கடைசி வரை நடக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

இறக்கத்தில் இது உண்மையாகவே உதவுகிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1999இல் வெளியான ஒரு ஆய்வில், 25 டிகிரி சரிவில் இரண்டு ஸ்டிக்கோடு இறங்கியவர்களின் முழங்காலில் விழும் விசை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். ஒரு மலையை இறங்க ஆயிரக்கணக்கான அடிகள் வைக்கிறோம். அத்தனை அடிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். நான் போகாத தரைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை.

சென்னையிலிருந்து

அண்ணா, எனக்குப் பாடம் கிடைத்தது இமாசலத்தில், ஹம்ப்தா கணவாயில். 4,270 மீட்டர். குலு பக்கம் பச்சைப் பசேல் என்று ஏறிப் போவோம், மறுபக்கம் லாஹௌல் மொட்டை மலையாக விரிந்து கிடக்கும். கணவாயிலிருந்து சியாகோரு முகாமுக்கு இறங்கும் சரிவு முழுக்க உதிரிக் கல். ஸ்டிக்கின் வாரை மணிக்கட்டில் நன்றாக இறுக்கி மாட்டியிருந்தேன். ஒரு இடத்தில் ஸ்டிக்கின் முனை இரண்டு பாறைகளுக்கு இடையே மாட்டிக்கொண்டது. நான் இறங்கும் வேகத்தில் உடம்பு முன்னே போக, கை பின்னாலேயே நின்றுவிட்டது. வாரை விட்டு உதற முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததில் கட்டைவிரல் அடியோடு வீங்கி, இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

வாருக்குள் கீழிருந்து கையை நுழைத்து மாட்டி, வாரோடு சேர்த்துப் பிடியைப் பிடித்தால் எடை மணிக்கட்டில் இறங்கும், விரல்கள் இறுக்க வேண்டியிருக்காது. நல்ல பாதையில் அது பெரிய சுகம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உதிரிக் கல், பெரும்பாறை, ஆறு வந்துவிட்டால் வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். விழப்போகிற நேரத்தில் ஸ்டிக் கையை விட்டுப் போய்விட வேண்டும்.

மறுநாள் காலையில் ஆறு. பனி உருகி வருகிற தண்ணீர், பத்து நொடியில் பாதம் மரத்துவிடும். முதுகுப்பையின் இடுப்புக் கொக்கியைக் கழற்றச் சொன்னார் வழிகாட்டி, விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும் என்பதற்காக. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். ஸ்டிக்கை முன்னால் ஊன்றி அதன் மேல் சாய்ந்தால் இரண்டு காலும் கம்பும் சேர்ந்து முக்காலி மாதிரி நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நகர்த்தலாம். நீரோட்டத்தில் ஸ்டிக் விண்விண் என்று அதிர்ந்தது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கால் வைக்குமுன் அதனால் குத்திப் பார்த்ததில் ஓர் இடத்தில் பாதி ஸ்டிக் உள்ளே போனது. அந்த இடத்தை விட்டுச் சுற்றிக் கடந்தோம்.

ஹட்டனிலிருந்து

வணக்கம் அண்ணா. நான் இலங்கை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பாதையால் நான்கு முறை போயிருக்கிறேன். 2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கும் மேலே படிகள். எங்கட மலையில் தரை என்றால் படிதான். நீங்கள் எழுதிய பெரியவரின் முறை இங்கேயும் அப்படியே பொருந்தும்.

ஒன்று சேர்க்க விரும்புகிறேன். பருவகாலத்தில் போயா (பௌர்ணமி) நாட்களில் ஆளோடு ஆள் உரசிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்த நெரிசலில் இரண்டு ஸ்டிக்கை வீசி நடந்தால் பின்னால் வருகிற அம்மாக்களின் பாதத்தில்தான் முனை குத்தும். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் இருப்பார்கள். முனைக்கு ரப்பர் மூடி போட்டு, உடம்போடு ஒட்டி ஊன்ற வேண்டும். உச்சிக்குக் கிட்டக் கைபிடிக் கம்பி இருக்கிறது. அங்கே ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் ஒரு ஸ்டிக், அது போதும். மற்றதை மடித்துப் பையில் வைத்துவிடுவேன். விடியற்காலையில் மேலே சரியான குளிர், விரல் விறைத்துப் போகும். அந்த நேரத்தில் இரும்புக் கம்பியை விட ஸ்டிக்கின் நுரைப்பிடி கைக்கு இதமாக இருக்கும்.

பெங்களூரிலிருந்து

கர்நாடகத்துக் குதிரேமுக் மலை, ஜூலை மழை. சேற்றில் என் ஸ்டிக் ஒரு முழம் இறங்கியது, இழுத்தபோது ரப்பர் மூடி உள்ளேயே தங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. காட்டுக்குள் ஒரு துண்டு ரப்பரைப் போட்டுவிட்டு வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது. மூடி தார்ச்சாலைக்கும் காய்ந்த பாறைக்கும் நல்லது. சேற்றிலும் ஈரப் புல்லிலும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, உலோக முனையையே இறங்க விட வேண்டும். முனைக்கு மேலே மாட்டுகிற வட்டத் தட்டைக் கழற்றாதீர்கள், ஸ்டிக் புதைவதைத் தடுப்பது அதுதான்.

அங்கே புல்மேட்டின் பக்கவாட்டில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. மேட்டுப் பக்க ஸ்டிக்கைக் குட்டையாகவும் பள்ளத்துப் பக்க ஸ்டிக்கை நீளமாகவும் வைத்த பிறகுதான் தோள் இரண்டும் சமமாக நின்றன.

திருவண்ணாமலையிலிருந்து

பர்வதமலைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மேலே கடப்பாறைப் பாதை வரும். பாறையில் அடித்து வைத்த இரும்புக் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். அங்கே ஸ்டிக் வேண்டவே வேண்டாம். ஒரு பையன் இரண்டையும் மணிக்கட்டில் தொங்கவிட்டபடி ஏறினான். ஒன்று சங்கிலியில் சிக்கி, அதை விடுவிக்க ஒரு கையை எடுத்தான். கீழே நின்ற எங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த இடம் வருவதற்கு முன்பே உட்கார்ந்து, மடித்து, பைக்குள் நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுங்கள். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் ஏறுகிறவரின் முகத்துக்கு நேராக இருக்கும்.

கோவையிலிருந்து (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. வார் விஷயம் எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது. இனி கல் சரிவில் கையை வெளியே எடுத்துவிடுவேன்.

பூட்டு பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நானே சொல்கிறேன். திருகிப் பூட்டுகிற வகை ஒன்று என்னிடம் இருந்தது. மழையில் நனைந்த ஸ்டிக்கை அப்படியே மடித்துப் பரணில் போட்டுவிட்டேன். அடுத்த பயணத்தில், இறக்கத்தில் எடையைப் போட்ட நொடியில் சரக்கென்று உள்வாங்கியது. நல்லவேளையாக மண்பாதை, சிராய்ப்போடு போயிற்று. இப்போது வீட்டுக்கு வந்ததும் மூன்று துண்டையும் தனித்தனியாகக் கழற்றி, துணியால் துடைத்து, நிழலில் காயவைக்கிறேன். திருகுப் பூட்டில் எண்ணெய் போடவே கூடாது, போட்டால் பிடிக்காமல் வழுக்கும். நெம்புப் பூட்டு (நெம்பை மடக்கி மூடுவது) வகை என்றால், அதை மூடும்போது உள்ளங்கை கொஞ்சம் அழுந்துகிற அளவுக்கு அதிலுள்ள திருகாணியை இறுக்கி வையுங்கள். எந்த வகையானாலும் கிளம்பும் முன்பு ஒவ்வொன்றாக ஊன்றி, முழு எடையோடு சாய்ந்து பாருங்கள்.

பங்குனியில் மறுபடி வெள்ளியங்கிரி போகிறேன். ரப்பர் மூடி நான்கு கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். கூட வருகிறவர்கள் யாருக்காவது தொலைந்திருந்தால் சொல்லுங்கள், பூண்டியில் தருகிறேன்.