கதிர்வீச்சுக்குப் பிறகு மைக்ரோஆர்என்ஏ-21 அளவு: யூ6-ஐ நம்பலாமா?

வணக்கம். நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள் கதிர்வீச்சுக்கு ஏன் மசிவதில்லை என்பதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய்ச் செல்வகையில் மைக்ரோஆர்என்ஏ-21-ஐ (மரபணுக்களை அடக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ) பார்க்கிறேன். அது பிடிஇஎன் என்ற தடுப்புப் புரதத்தை அடக்குவதால், செல்லைப் பிழைக்க வைக்கும் ஏகேடி சமிக்ஞைப் பாதை ஓயாமல் இயங்கி, அடிபட்ட செல் சாகாமல் தப்பிவிடுகிறது. லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோஆர்என்ஏ இதற்கு நேர் எதிர். செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் புரதத்தைக் குறைத்து, கதிர்வீச்சு வேலை செய்ய வழிவிடும்.

சிக்கல், ஆர்என்ஏ அளவைக் கணக்கிடும் கியூபிசிஆர் சோதனையில்தான். ஒப்பீட்டுக்கு, அளவு மாறாது என்று கருதி யூ6 என்ற சிறு ஆர்என்ஏவைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். எனக்கோ கதிர்வீச்சு கொடுத்த செல்களில் யூ6 அளவே ஏறி இறங்குகிறது. அதை வைத்து என்ன கணக்குப் போட? அதற்குப் பதில் ஆர்என்யூ48 என்ற இன்னொரு சிறு ஆர்என்ஏவைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா?

அப்புறம், பி53 (அடிபட்ட செல்லை நிறுத்தும் அல்லது சாகடிக்கும் புரதம்) இல்லாத எச்1299 என்ற இன்னொரு நுரையீரல் புற்றுநோய்ச் செல்வகையையும் சேர்க்கச் சொல்கிறார் கைடு. நல்ல யோசனைதான், ஏ549-இல் பி53 பழுதில்லாமல் இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே கதிர்வீச்சு டோஸ் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.