கருவிலேயே ஆபரேஷன்: உங்க டாக்டர் எப்படிச் சொன்னார்?

நியூஜெர்சி_அம்மா: ஐந்தாம் மாத ஸ்கேனில் ஸ்பைனா பைஃபிடா, அதாவது குழந்தையின் முதுகுத்தண்டு முழுதாக மூடாத குறை. கருவிலேயே ஆபரேஷன் செய்து மூடலாம் என்றார்கள். எனக்கு இன்னும் உறுத்துவது சர்ஜன் பேசிய விதம். ரிப்போர்ட்டின் பின்பக்கம் கர்ப்பப்பையை வரைந்து, இந்த ஆபரேஷனைப் பற்றி 2011இல் வந்த மாம்ஸ் (MOMS) ஆய்வைச் சொன்னார்: பிறந்தபின் மூடினால் ஒரு வயதுக்குள் 82 சதவீதக் குழந்தைகளுக்கு ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) தேவைப்பட்டது, வயிற்றிலேயே மூடினால் 40. இரண்டரை வயதில் தானாக நடந்தவர்கள், பிறந்தபின் மூடியதில் 21 சதவீதம், வயிற்றிலேயே மூடியதில் 42. எல்லாம் உண்மைதான். ஆனால் பேனா என் கர்ப்பப்பையில் ஒரு கோடு கிழித்துவிட்டு நேரே குழந்தையின் முதுகுக்குப் போய்விட்டது. அந்தத் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் கிழியலாம், இனி எல்லாமே சிசேரியன்தான் என்பதெல்லாம் நான் கேட்டபிறகுதான் வந்தது, அதுவும் என் கணவரைப் பார்த்து.

இரட்டையர்_தாய்: எங்களுக்கு நேர் எதிர். இரட்டையருக்கு ஒரே நச்சுக்கொடி, அதிலுள்ள ரத்தக்குழாய்கள் வழியே ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குப் போய், ஒரு குழந்தைக்கு நீர் பொங்குகிறது, இன்னொன்று கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டி அசையாமல் கிடக்கிறது. அந்தக் குழாய்களை லேசரால் அடைக்கலாம். எங்கள் ஊர் டாக்டரம்மா, "லேசர் ரிஸ்க்கும்மா, நீரை மட்டும் எடுத்துப் பார்ப்போம்" என்றார். 2004லேயே ஐரோப்பிய ஆய்வு வந்தாயிற்று, ஒரு குழந்தையாவது பிழைத்தது லேசரில் 76 சதவீதம், நீர் எடுத்ததில் 56. சென்னையில் லேசர் செய்தார்கள். ஒருத்தி இருக்கிறாள்.

கோவை_அப்பா: முதல் பதிவு போட்ட சகோதரி, சர்ஜனை மட்டும் குறை சொல்வது சரியில்லை. அவர் கையில் இருப்பது குழந்தைக்கான சிகிச்சை, அதைத்தான் முதலில் பேசுவார். எங்கள் மகனுக்கு உதரவிதானத்தில் ஓட்டை, நுரையீரல் வளர, கருவிலேயே மூச்சுக்குழாயில் பலூன் வைக்கலாம் என்றார்கள். பலூன் வைத்தால், கடுமையான நிலையில் பிழைப்பவர்கள் 15லிருந்து 40 சதவீதம் ஆகிறார்கள், குறைமாதப் பிரசவம் 29லிருந்து 75 ஆகிறது, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். இனி போகிறவர்கள் சர்ஜனோடு நிறுத்தாதீர்கள். பச்சிளம் குழந்தை டாக்டரைத் தனியாகப் பாருங்கள், குறைமாதக் குழந்தை படும் பாடு அவருக்குத்தான் தெரியும். இந்த டீம் எத்தனை செய்திருக்கிறது, தாய்மார்களுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். செய்யாமல் விட்டால் என்ன வழி என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். வீட்டுப் பெரியவர்களை அந்த அறைக்குள் கூட்டிப்போக வேண்டாம்.

நியூஜெர்சி_அம்மா: அண்ணா, ஆபரேஷன் வேண்டாமென்று நான் சொல்லவே இல்லை, செய்துகொண்டேன், மறுபடியும் அதையேதான் செய்வேன். வெட்டுவது என் வயிற்றை, கையெழுத்து என்னுடையது, அதை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? உங்களுக்கு இரண்டையும் சொன்னார்களே, அப்போது பக்கத்தில் இருந்த அண்ணியிடம் பேசினார்களா, உங்களிடமா?