அம்மாவின் நிரை, 1/35 அளவில்: வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது, உதவுங்கள்

சிப்புட்காரன்:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அம்மா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்து நிரையை (மரவரிசையை) சின்னக் காட்சியாகச் செய்ய ஆசை. டாமியா மாடல் கம்பெனியின் பழைய 1/35 லேண்ட் ரோவர் ராணுவ வண்டியை வாங்கி, துப்பாக்கிகளை விட்டுவிட்டுப் பச்சை அடித்து, தோட்டத்துத் துரையின் வண்டியாக்கினேன். பக்கத்தில் இரண்டு ரப்பர் மரம். நேற்று மழை விட்ட கையோடு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்தே நிமிடத்தில் வண்டி முழுக்க மாவு தூவிய மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று, அதைவிடப் பெரிய வருத்தம். அம்மாவிடம் காட்டினேன். "யாரு வண்டிடா இது?" என்று கேட்டுவிட்டு டீ கலக்கப் போய்விட்டார்.

பசைவிரல்:
ஈரம்தான் காரணம். ஸ்பிரே ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துகொள்ளும். சுரண்டாதீர்கள். வெயில் நன்றாக ஏறியபிறகு, அதே கம்பெனியின் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷை மெல்லிசாக அடியுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். முதலில் வண்டியின் அடிப்பாகத்தில் சோதித்துப் பாருங்கள். கேனைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் வெள்ளை வரும், அதையும் கவனியுங்கள்.

ஒட்டுப்பால்:
தம்பி, நானும் பால் வெட்டியவள்தான். நீங்கள் போட்ட படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்டு தலைகீழாக இருக்கிறது! மரத்துக்கு எதிரே நின்றால் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, சுமார் 30 பாகைச் சரிவு. பால் குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மங்கு (பால் வடியும் கிண்ணம்) கீழ்க்கோடியில் வரணும். அப்புறம் உங்கள் மரம் 2 சென்டிமீட்டர் பருமனா? கணக்குப் போட்டால் 70 சென்டிமீட்டர் குறுக்களவு. அது புளியமரம். 8 மில்லிமீட்டர் போதும்.

துரை வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு அம்மாவை எங்கே விட்டீர்கள்?

சிப்புட்காரன்:
அக்கா, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது, பின்னால் இரண்டு வாளி தொங்கும்.

பசைவிரல்:
டாமியாவில் சைக்கிளோடு வரும் ஜெர்மன் சிப்பாய்கள் செட் உண்டு. சைக்கிளின் மேல்கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, கீழே வளைத்து ஒன்று ஒட்டினால் பெண்கள் சைக்கிள். அம்மா ஐந்தடி என்றால் பொம்மை சுமார் 43.5 மில்லிமீட்டர்.

சிப்புட்காரன்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கிளாஸ் அடித்ததும் வெள்ளை போய்விட்டது, பானெட்டில் மட்டும் ஒரு திட்டு. அதன்மேல் செம்மண் தூசி போட்டேன். லேண்ட் ரோவர் இப்போது ஓரத்தில், சைக்கிள் முன்னால்.

ஒரு மங்கு பசை நழுவிக் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பார்த்தார். "மங்கைக் கவுத்தாச்சா? பால் எடுத்து முடிச்சிட்டேனா?" அப்புறம் பொம்மையைத் தொட்டு, "என் தலைத்துண்டு சிவப்பு இல்லடா, வெளுத்துப்போன நீலம்" என்றார்.

வெளுத்த நீலத்துக்கு யாராவது ஒரு கலவை சொல்லுங்களேன்.