மாகாண அரசரா, அரசர்கோனா?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய அயர்லாந்தில் மன்ஸ்டர் போன்ற பெருநிலப்பகுதியின் அரசருக்கு வழங்கிய ‘ரீ ருரெக்’ என்ற பட்டத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘ரீ ருரெக்’ என்பதற்கு ‘மாகாண அரசர்’ போதுமே. எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். மாகாணம் என்றாலே மேலே ஒரு நடுவண் அரசு, அது வகுத்த எல்லை, அது அமர்த்திய ஆளுநர் என்றுதான் மனம் போகிறது. 902 முதல் 908 வரை காஷெல் குன்றிலிருந்து, அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டரை ஆண்ட கோர்மாக் மாக் குலென்னானை எந்த நடுவண் அரசும் அமர்த்தவில்லை.

அன்றைய அயர்லாந்தில் அரசர்களே அடுக்கடுக்காக இருந்தார்கள். ஒரே ஒரு குடிநாட்டை, அதாவது ஒரு ‘தூவத்’தை, ஆள்பவர் ‘ரீ’. அப்படிப்பட்ட சிலருக்கு மேலே இருப்பவர் ‘ருரி’. அந்த ருரிகளுக்கும் மேலே இருப்பவர்தான் ‘ரீ ருரெக்’. மன்ஸ்டர் அரசர் இந்தப் படிதான். கீழே உள்ள குடிநாட்டுக்குள் அவர் நேரடியாக ஆட்சி நடத்துவதில்லை. அங்கே அதன் சொந்த அரசரே அரசர். மேலே உள்ளவர் அவரிடம் திறை வாங்குவார், போருக்குப் படை கேட்பார், கொடை கொடுப்பார், அவர் வீட்டுப் பிள்ளையைப் பிணையாளாகத் தம்மிடம் வைத்துக்கொள்வார். பிணையாள் கையில் இல்லாதவர் அரசரே அல்லர் என்பது அந்நாட்டுப் பழஞ்சட்டத்தின் பார்வை. ஆக, அவர் ஆண்டது அரசர்களை. இந்த ஒரு செய்தியைச் சொல் சுமக்க வேண்டும்.

‘கூற்றத்தரசர்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். படித்ததும் மகிழ்ந்தேன். மன்ஸ்டர் போன்ற பெருநிலப்பகுதிக்கு ஐரிஷில் வழங்கும் சொல்லுக்கே ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்றுதான் பொருள். நம் பழைய நாட்டுப் பிரிவான மிழலைக் கூற்றமும் ‘கூறு’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் கூற்றம் எமனும் ஆயிற்றே. தலைப்பில் ‘கூற்றத்தரசர் கோர்மாக்’ என்று பார்ப்பவர் திடுக்கிடுவார். போதாததற்கு, அது மறுபடி அரசர்களை விட்டு நிலத்துக்கே போகிறது.

‘பேரரசர்’ வேண்டவே வேண்டாம். அவருக்கு நிகராக யாருமே இல்லை என்று ஆகிவிடும். 908-இல் பெலாக் முக்னா போர்க்களத்தில் கோர்மாக்கை எதிர்த்து நின்றவர்களில் தாராவின் அரசர் ஃபிலான் ஷின்னாவும் லென்ஸ்டர் அரசர் கெர்வலும் இருந்தார்கள். பழைய ஆண்டேடு ஒன்று அங்கே கோர்மாக்குக்கு நேர்ந்த முடிவை விரிவாகவே சொல்கிறது: குருதி தோய்ந்த சரிவில் குதிரையின் கால் வழுக்கியது, விழுந்தவருக்குக் கழுத்து முறிந்தது, தலையை வெட்டி ஃபிலானிடம் கொண்டுபோனார்கள், அவர் அதை முத்தமிட்டு மரியாதையோடு திருப்பி அனுப்பினார். கோர்மாக் ஒரு கிறித்தவ ஆயரும்கூட. அரிய ஐரிஷ் சொற்களுக்கு வேர் தேடும் பழைய அகராதி ஒன்று அவர் பெயரில்தான் வழங்குகிறது. அவருக்கு ஒரு சொல் தேடும்போது கொஞ்சம் கூடுதலாகவே மெனக்கெடலாம் என்று தோன்றுகிறது.

என் பரிந்துரை ‘அரசர்கோன்’. பாண்டியர்கோன், வானவர்கோன் என்று யாரை ஆள்கிறாரோ அவரை முன்னே வைத்துச் சொல்வது நமக்குப் பழக்கமான வழி. இங்கே ஆளப்படுபவர்கள் அரசர்கள். ‘ருரி’க்கு ‘மேலரசர்’, ‘ரீ’க்குக் ‘குறுநில அரசர்’ என்று வைத்தால் மூன்று படியும் தனித்தனியே நிற்கும்.

செய்யுள் வாடை அடிக்கிறது என்பீர்கள். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “மன்ஸ்டரின் அரசர்கோன் கோர்மாக், தமக்குக் கீழிருந்த மேலரசர்களிடம் பிணையாள் பெற்றார்.” எனக்கு உறுத்தவில்லை. பன்மைக்கு ‘அரசர்கோன்கள்’ என்பது மட்டும் காதில் இடிக்கிறது. ‘அரசர்கோமார்’ சரிவருமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.