சித்திரக்கதையை முதலில் படித்துவிட்டால் நாவலின் சுவை கெட்டுவிடுமா?

கோட்டூர்புரத்துத் தந்தை:
வணக்கம். நந்தனம் புத்தகக் காட்சியில் பதினொரு வயது மகளுக்கு 'புதையல் தீவு' நாவலின் சித்திரக்கதை வடிவத்தை வாங்கிக் கொடுத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பேருந்திலேயே முக்கால்வாசியை முடித்துவிட்டாள். இப்போது முழு நாவலை நீட்டினால், "கதைதான் தெரியுமே, அப்பா" என்று ஒதுக்கிவிடுகிறாள். சித்திரக்கதையை முதலில் தந்தது என் பிழையா?

பழைய மூர் மார்க்கெட் வாசகன்:
பிழையில்லை, ஐயா. 1985 இல் தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த 'கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ்களைப் பேரம் பேசி வாங்கியவன் நான். புகழ்பெற்ற நாவல்களைச் சித்திரக்கதையாக்கித் தர ஆல்பர்ட் கான்டர் 1941 இல் அமெரிக்காவில் தொடங்கிய வரிசை அது. முதலில் 64 பக்கங்களாக வந்த இதழ் பின்னாளில் 48 பக்கங்களாகச் சுருங்கியது. 117 அத்தியாயங்கள் கொண்ட 'மான்டி கிறிஸ்டோ' போன்ற நாவலை அதற்குள் அடக்கினால் என்ன மிஞ்சும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள். அதை அவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். மூல நூலைப் பள்ளி நூலகத்திலோ பொது நூலகத்திலோ பெற்றுப் படியுங்கள் என்று கதை முடிவில் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பித்தான் நான் கன்னிமாரா நூலகத்தின் படியேறினேன்.

அடையாறு ஆசிரியை:
கதை தெரிந்துவிட்டது என்று குழந்தை சொல்வது உண்மைதான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது நிகழ்ச்சிகள் மட்டுமே. பத்தாம் அத்தியாயத்தின் முடிவையும் பதினோராம் அத்தியாயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய கதாநாயகச் சிறுவன் ஜிம், இருட்டில், அலையோசையிலும் கப்பலின் ஆட்டத்திலும் கண்ணயரும் வேளையில், கனத்த ஆள் ஒருவன் பீப்பாயில் சாய்ந்து உட்காருகிறான். அது கப்பலின் சமையற்காரன் சில்வர் என்பது ஜிம்முக்குக் குரலால்தான் தெரிகிறது. தன்னைப் பாராட்டிய அதே சொற்களால் சில்வர் வேறோர் இளைஞனையும் மயக்குவதைக் கேட்கும்போது ஜிம்முக்கு வரும் ஆத்திரத்தில், பயத்தைவிட ஏமாற்றமே மிகுதி. ஓவியரோ பீப்பாயைக் குறுக்காக வெட்டி, உள்ளே பையனையும் வெளியே ஊன்றுகோலோடு சில்வரையும் ஒரே கட்டத்தில் வரைந்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, இருட்டை எத்தனை கட்டங்களுக்குத்தான் வரைவது? ஆனால் நமக்கு முன்கூட்டியே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆகவே முழு நாவலையும் திணிக்காமல், அந்தப் பகுதியை மட்டும் இரவில் வாசித்துக் காட்டுங்கள்.

வெர்ன் பித்தன்:
ஒரு துணைச் செய்தி. 'எண்பது நாளில் உலகப் பயணம்' சித்திரக்கதைகளின் அட்டைகளில் பலூன் பறப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் எழுதிய நாவலில் நாயகன் பிலியாஸ் ஃபாக் பலூனில் ஏறுவதே இல்லை. அதைப் புகுத்தியது 1956 இல் வந்த திரைப்படம். நாவலில் உள்ளதோ, அலகாபாத்துக்கு முன்னால் இருப்புப்பாதை முடிந்துபோனதால் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கிய யானை! யானையை விட்டுவிட்டுப் பலூனை வரையும் ஓவியர் மூலத்தைப் புரட்டினாரா என்பதே என் ஐயம்.

கோட்டூர்புரத்துத் தந்தை:
அனைவருக்கும் நன்றி. ஆசிரியை சொன்னபடி நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். குறுக்கே ஒரு கேள்விகூட வரவில்லை. காலையில் பார்த்தால், சித்திரக்கதையின் அந்தக் கட்டத்தில் பீப்பாய்க்கு வெளியே இருந்த சில்வரைப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாள்.