ஓக்கீமா ஊர்ப் பாட்டுக்காரர்

சொந்தங்களுக்கு வணக்கம்.

"அமெரிக்காவில் நம்ம தெம்மாங்கு மாதிரி எதுவும் உண்டாப்பா?" என்று மாமா போன மடலில் கேட்டிருந்தார். உண்டு மாமா. நான் இருக்கும் டாலஸிலிருந்து வடக்கே நாலு மணி நேரத்துக்குள் ஓக்கீமா வந்துவிடும். ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சிற்றூர். நாட்டுப்புறப் பாட்டுக்காரர் வுடி கத்ரி 1912-இல் பிறந்தது அங்கேதான்.

அவருடைய அப்பா நிலம் வாங்கி விற்றவர், பிறகு நொடித்துப்போனார். அம்மாவுக்கு ஹண்டிங்டன் நோய், பரம்பரையாக வரும் மூளை நரம்பு நோய். அது இன்னதென்று யாருக்கும் பிடிபடாமல் மனநோய் மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். பையன் டெக்சாஸில் பாம்பா என்ற ஊருக்குப் போய், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தார். 1935 ஏப்ரல் 14 அன்று அங்கே அடித்த புழுதிப் புயலில் பகல் இருண்டுபோனது. உலகம் முடிந்தது என்றே சனங்கள் நினைத்தார்கள். அதையே இவர் ஒரு விடைபெறும் பாட்டாகக் கட்டினார், கொஞ்சம் கிண்டலும் கலந்து.

மழை பொய்த்து, மண்ணும் பறந்து, குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போனார்கள். இவரும் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போனார். லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் அந்தச் சனங்களுக்காகவே பாடினார். மெட்டு பெரும்பாலும் பழசு, வரிதான் புதுசு. நம்ம ஊர்க் கும்மியும் அப்படித்தானே? 1940-இல் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' (இந்த மண் உன் மண்) என்ற பாட்டு இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்பவர்களைப் பற்றிய வரிகளை மட்டும் பள்ளியில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்!

1941-இல் கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றிப் பாட அரசாங்கமே ஒரு மாதம் வேலைக்கு வைத்தது. சம்பளம் 266 டாலர் 66 சென்ட், கட்டியது 26 பாட்டு. பாட்டுக்குப் பத்து டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விட 1948-இல் எழுதியதுதான் பெரிது. கலிபோர்னியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மெக்சிகோக் கூலிகள் 28 பேர் விமான விபத்தில் இறந்தார்கள். விமான ஊழியர்களின் பெயரைச் சொன்ன செய்திகள் இவர்களை 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்பதோடு விட்டுவிட்டன. கத்ரி அந்தப் பாட்டில் இவர்களுக்குத் தாமாகவே பெயர் வைத்து வழியனுப்பினார். மெட்டுப் போட்டது பின்னால் ஒரு பள்ளி ஆசிரியர். 28 பேரின் பெயரும் ஃபிரெஸ்னோ கல்லறையில் கல்லில் ஏறியது 2013-இல்தான். வெளிநாட்டில் கூலி வேலைக்குப் போனவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அம்மாவின் நோய் பிள்ளையையும் பிடித்தது. கை நடுங்கி, பேச்சும் குழறி, வருடக்கணக்காக மருத்துவமனைகளில் கிடந்தார். 1961-இல், பின்னாளில் பெரிய பாடகரான பாப் டிலன் தேடிப்போய்ப் பார்த்தபோது டிலனுக்குப் பத்தொன்பது வயது. கத்ரி 1967-இல் காலமானார்.

இடதுசாரி என்பதால் சொந்த ஊரே ரொம்ப காலம் முகம் கொடுக்கவில்லை. இப்போது தண்ணீர்த் தொட்டியிலேயே அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு தொட்டி, ஒன்றில் 'சூடு', இன்னொன்றில் 'குளிர்' என்று எழுதியிருக்கும். குசும்புக்கார ஊர்தான். 1998 முதல் ஜூலையில், அவர் பிறந்தநாளை ஒட்டி, பாட்டுத் திருவிழாவும் நடக்கிறது.

சரி, டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது வருவதாக இருந்தால் மே மாதத்துக்குள் சொல்லுங்கள். என் வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. கட்டுச்சோறு என் பொறுப்பு.