புதுப்பிப்பு: அப்பத்தா பெட்டியில் இருந்த கைப்பைக்கு வயது தெரிந்தது

காரைக்குடி வீட்டுப் பெட்டியில் கிடைத்த கைப்பையும் கண்டாங்கிச் சேலையும் எந்தக் காலத்தவை என்று போன வாரம் கேட்டிருந்தேன். உலோக ஜிப்பை வைத்து 1940கள் என்று நானே முடிவுகட்டியது தப்பு. அந்த ஜிப் பிறகும் வெகுகாலம் வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னபடி உள்துணியைப் புரட்டினேன். விலைச்சீட்டு! ‘ரூ. 7, 50 ந.பை.’ ‘ந.பை.’ என்றால் நயா பைசா, அதாவது ‘புதிய பைசா’; அது 1957 ஏப்ரலில் வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ என்ற சொல் போய் வெறும் ‘பைசா’ ஆகிவிட்டது. ஆக, பை அந்த ஏழு வருடத்துக்குள் விற்றது. அப்பத்தாவோ கல்யாணத்துக்கு வந்த பை என்றே சாதிக்கிறார்கள், கல்யாணம் 1951!

சேலைக்குத்தான் விடை இல்லை. அதே கட்டம், அதே அரக்குச் சிவப்பு இன்றும் தறியில் ஓடுகிறதே.